எக்ஸ்எம்எல்லின் முதல் வரி

பூவம் போகும் பேருந்தில் என் முன் இருக்கையில் ஒரு மாமியாரும் மருமகளும் உட்கார்ந்திருந்தார்கள். "ஒரு கேள்விக்குறிதான் மாமி கடைய முடக்கிருச்சு" என்று மருமகள் சொன்னதும் நான் காதைத் தீட்டிக்கொண்டேன். அவர் வீட்டிலிருந்தபடி துபாய்க் கடை ஒன்றின் இணையதளத்தைக் கவனிப்பவர் என்பது பேச்சில் தெரிந்தது.

"கடைக்காரங்க தளத்தப் புது சர்வருக்கு மாத்துனாங்க. அதுலேருந்து விலைப்பட்டியல் வரல. நான் எழுதுனதுதான் தப்பு, வேற ஆளப் பாக்கணும்னுட்டாங்க."

"தப்பா எழுதுனியா புள்ள?"

"இல்ல மாமி. அந்தப் பட்டியல் எக்ஸ்எம்எல்ங்குற வடிவத்துல இருக்கு. மொத வரியே ஒரு கோண அடைப்பும் கேள்விக்குறியுமாத்தான் ஆரம்பிக்கும். அத அனுப்புற பிஹெச்பிங்குற கம்ப்யூட்டர் மொழிக்கும் அதே ரெண்டு குறி சுருக்கமான தொடக்கம். புது சர்வர்ல அந்தச் சுருக்கத்த அனுமதிச்சிருந்தாங்க. பிஹெச்பி அந்த வரிய தனக்கு வந்த கட்டளைன்னு படிச்சு, புரியாம நின்னுருச்சு."

"அப்பறம்?"

"சுருக்கத்த நிறுத்தச் சொன்னேன். நான் எல்லா எடத்துலயும் அந்தக் குறியோட பிஹெச்பின்னு சேத்து முழுசா எழுதியிருந்ததால வேற எதுவும் கெடல. பட்டியல் உடனே வந்துருச்சு."

"மாஷா அல்லாஹ்! ஒத்துக்கிட்டாங்களா?"

"மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் வெளக்கச் சொன்னாங்க. வெளக்குனேன். ஒங்க டீம்ல எத்தன பேருன்னு கேட்டாங்க. நான் ஒருத்திதான்னேன்."

மாமியார் மருமகளை முழுதாகத் திரும்பிப் பார்த்தார்.

"சத்தமாச் சொன்னியா?"

"சத்தமாத்தான் சொன்னேன் மாமி."