பிஸ்கட்டில் ஏன் பச்சைக் கற்பூரம்

டீயில் சீனி போடவில்லை சார், நீங்கள் சொன்னபடியே. அந்த நாற்காலி கொஞ்சம் ஆடும். சுவர்ப் பக்கம் சாய்ந்து உட்கார்ந்தால் ஒன்றும் செய்யாது.

உணவுப் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து ஒருவர் வீடு தேடி வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கடிதம் வரும் என்றுதான் நினைத்திருந்தேன். வந்தது நல்லதுதான். புகார் கொடுத்தது மாடியில் குடியிருந்த அண்ணாச்சியின் மகள் இந்துமதி அக்கா என்று நீங்கள் சொல்லாமலே தெரியும். டப்பாவில் நான் ஒட்டிய லேபிளில் பாதாம், முந்திரி, முட்டை வெள்ளைக்கரு, நெய், எரித்ரிட்டால் என்று இருக்கிறது. கீழே பெரிய எழுத்தில் மைதா இல்லை, சீனி இல்லை. பரிசோதனையில் சீனி வந்திருக்கிறது. கூடவே பச்சைக் கற்பூரமும் வந்திருக்கிறது. சீனி சரி, செலவைக் குறைக்க நாலு பேர் செய்கிறதுதான், கற்பூரம் எதற்கு தம்பி என்று கேட்டீர்கள்.

நல்ல கேள்வி சார். பதில் சின்னதுதான். ஆனால் எடுத்த எடுப்பில் சொன்னால் தப்பாகப் படும். உங்களுக்கு அவசரம் இல்லையென்றால் முதலிலிருந்து வருகிறேன்.

செலவைக் குறைக்க இல்லை. அலமாரியில் இருக்கிற மற்ற டப்பாக்களையும் எடுத்துப் போய்ச் சோதித்துப் பாருங்கள். ஜிம்முக்குப் போகிற பையன்கள் வாங்குவது, டாக்டர் வீட்டுக்குப் போவது, எல்லாம் சுத்தம். லேபிளில் உள்ளதுதான் உள்ளேயும் இருக்கும். சீனி போட்டது ஒரே ஒருவர் டப்பாவில். அவரிடம் நான் காசு வாங்கியதில்லை.

எனக்கு வேலை துறைமுகத்துக் கண்டெய்னர்களோடு. எந்தப் பெட்டி எங்கே நிற்கிறது என்று கணினியில் பார்த்து, முகம் தெரியாத ஒருவருக்கு மெயில் அனுப்ப வேண்டும். கொரோனா வருடத்தில் வீட்டிலிருந்து செய்யச் சொன்னார்கள். பிறகு ஆபீஸையே காலி செய்துவிட்டார்கள். அப்பா இல்லை. என் கூடப்பிறந்த அக்காவின் பிரசவத்துக்குக் கோவை போன அம்மா, அந்தக் குழந்தை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகும் திரும்பவில்லை. குறை சொல்லவில்லை, அங்கே பேசுவதற்கு ஆள் இருக்கிறது. போகும்போது எனக்கு ஓவனை விட்டுப் போனார். பிரையண்ட் நகரில் இத்தனை பெரிய வீட்டில் காலையிலிருந்து ராத்திரி வரை என்னிடம் பேசியது அந்த ஓவன்தான். வெந்ததும் டிங் என்று சொல்லும்.

மைதா இல்லாத பிஸ்கட் என்று உலகம் இப்போதுதான் ஆச்சரியப்படுகிறது. நம் ஊர் மக்ரூனில் என்றைக்கு மைதா இருந்தது? முந்திரி, வெள்ளைக்கரு, சீனி, அவ்வளவுதான். நான் சீனியை எடுத்துவிட்டு, சுகரை ஏற்றாத இனிப்பான எரித்ரிட்டால் போட்டேன். பாதி முந்திரியைப் பாதாமாக்கினேன். புது விஷயம் கண்டுபிடித்த மாதிரி இன்ஸ்டாகிராமில் படம் போட்டேன். எரித்ரிட்டால் பார்ப்பதற்குச் சீனிதான். அதே வெள்ளை, அதே மணல். நாக்கில் வைத்தால் மட்டும் ஜில்லென்று ஒரு குளிர்ச்சி. நிறையப் பேருக்கு அந்தக் குளிர்ச்சி பிடிக்காது.

பொன்னுதுரை அண்ணாச்சி மாடியில் குடிவந்தது அந்தச் சமயத்தில்தான். உடன்குடியில் கருப்பட்டி மொத்த வியாபாரம். அவருடைய நாக்கைப் பற்றி அந்தப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கருப்பட்டியை உடைத்து ஒரு சில்லை நாக்கில் வைத்துக் கண்ணை மூடுவாராம். மெல்ல மாட்டார். அது தானாகக் கரைய வேண்டும். சீனி கலந்தது முந்திக்கொண்டு இனிக்குமாம், நல்லது கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் இனிக்குமாம். கலப்படம் என்றால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். அப்படிச் சொல்லியே பாதி ஊரைப் பகைத்துக்கொண்டவர். மனைவி இறந்ததும் வியாபாரத்தைத் தம்பி மகனிடம் கொடுத்துவிட்டுத் தூத்துக்குடி வந்துவிட்டார். சுகர் இருந்தது, கண்ணில் புரையும் விழுந்திருந்தது. ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கட்டும் என்றுதான் வந்தார் என்று எல்லாரும் சொன்னார்கள். வேறு காரணமும் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் நாள் அவர் கீழே இறங்கி வந்தது மோட்டார் போடச் சொல்ல. வீடு முழுக்க நெய் மணத்துக்கொண்டிருந்தது. அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தட்டில் இருந்ததைப் பார்த்தார், சுகருக்குச் சாப்பிடலாம் என்றேன், ஒன்றை எடுத்து வாயில் போட்டார். அது கரையும் வரை கண்ணை மூடிக்கொண்டார்.

"என்னலே இது, ஐஸ் வண்டிக்காரன் செஞ்ச பிஸ்கட் மாதிரி இருக்கு" என்று சிரித்தார்.

மறுநாளும் வந்தார். அதற்குப் பிறகு சாயங்காலம் ஆனால் மாடிப்படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்கும். நான் டீ போடுவேன். அவர் உடன்குடியில் யார் யார் சீனி கலந்து வீடு கட்டினார்கள் என்று தெருவாரியாகச் சொல்வார். என்னையும் விட மாட்டார். பேச்சே இல்லாத வேலை பார்க்கிறாயே, பெண் பார்க்கப் போகிற இடத்திலும் மெயில்தான் அனுப்புவாயா என்று கேட்பார். நான் சிரிப்பேன். என் சிரிப்புச் சத்தம் எனக்கே அப்போது புதிதாக இருந்தது.

இதில் ஒரு சங்கடம் வந்தது சார். பிஸ்கட் வேலை செய்தது. பேக்கரிப் பண்டம் எல்லாம் விட்டுவிட்டு என் பிஸ்கட்டோடு நிறுத்திக்கொண்டதில் அவருக்குச் சுகர் இறங்கியது. கண் டாக்டருக்குச் சந்தோஷம். இன்னும் கொஞ்சம் இறங்கட்டும், புரையை எடுத்துவிடலாம் என்றார். புரையை எடுத்ததும் சென்னைக்குக் கூட்டிப் போய்விடுவதாக மகள் இந்துமதி அக்கா ஏற்பாடு செய்துவிட்டார். அறை தயார், ஏசி கூட மாட்டியாகிவிட்டது. அண்ணாச்சி இதை என்னிடம் நல்ல செய்தியாகத்தான் சொன்னார். நானும் நல்லது அண்ணாச்சி என்றேன். மாடிப்படியில் அவர் ஏறிப்போன பிறகு யோசித்துப் பார்த்தேன். அவரை ஊரை விட்டு அனுப்புகிற வேலையை நானேதான், பாதாம் பொடி சலித்துச் சலித்துச் செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

அடுத்த தடவை எரித்ரிட்டாலுக்குப் பதில் சீனி போட்டேன். ஒரு கிள்ளுப் பச்சைக் கற்பூரமும்.

அன்றைக்கு அண்ணாச்சி வழக்கம்போல நாக்கில் வைத்துக் கண்ணை மூடினார். கரைகிற வரைக்கும் இருந்துவிட்டு, "நல்லா வந்திருக்குலே, இன்னொண்ணு குடு" என்றார்.

இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். உடன்குடியே பயந்த நாக்கு அது. வற்புறுத்தி ஊட்டவில்லை. அவரே கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

சுகர் ஏறியது. ஆபரேஷன் தள்ளிப்போனது. மாத்திரையைக் கூட்டினார்கள், ஏறியது. ஊசிக்கு மாற்றினார்கள், அப்போதும் பெரிதாக இறங்கவில்லை. அண்ணாச்சி பயந்துபோய் ராத்திரிச் சோற்றை விட்டார். வாழைப்பழத்தை விட்டார். கோயிலில் கொடுத்த பொங்கலைக் கூட நெற்றியில் தொட்டுவிட்டு எனக்குத் தந்தார். இந்துமதி அக்காவிடம் போனில், "நான் என்னளா செய்ய, வாயக் கட்டிப் போட்டுத்தான் இருக்கேன், தம்பி பிஸ்கட் தவிர பல்லுல ஒண்ணும் படல" என்று அழாத குறையாகச் சொல்வார். எதையெல்லாம் விட்டாரோ அந்தப் பசிக்கும் சேர்த்துப் பிஸ்கட்டைத் தின்றார். நான் கூடுதலாகச் சுட வேண்டியிருந்தது. சிரமம் பார்க்கவில்லை.

இன்னொரு டீ போடட்டுமா? வேண்டாமா, சரி.

பிறகு காலில் புண். செருப்பு வார் கடித்தது, அவருக்கு வலியே தெரியவில்லை. முதலில் பார்த்தது நான்தான். தினமும் கழுவி, மருந்து வைத்துக் கட்டினேன். ஆஸ்பத்திரிக்கு பைக்கில் உட்கார வைத்துக் கூட்டிப் போனேன். விரலை எடுத்தார்கள். ஆறவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். வார்டில் இருந்த நர்ஸ், சொந்த மகன்கூட இப்படிப் பார்க்க மாட்டான் என்றார். பெருமைக்காகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

மாடி ஏற முடியாது இல்லையா. அதனால் இந்த ஹாலிலேயே கட்டில் போட்டோம். நீங்கள் உட்கார்ந்திருக்கிற நாற்காலியைப் பிடித்துத்தான் எழுந்திருப்பார். அது ஆடுவது அதனால்தான். துறைமுகத்தில் கப்பல் ஊதினால், ஏலே அது எந்தக் கப்பல் என்று கேட்பார். நான் கணினியில் பார்த்து, ஆப்பிரிக்காவிலிருந்து முந்திரிக்கொட்டை வருகிறது அண்ணாச்சி என்பேன். அப்போ நமக்குத்தான் வருது என்பார். என் வேலையால் ஒரு மனிதருக்கு உபயோகம் இருந்தது அந்தச் சில மாதங்கள்தான். வீட்டில் யாராவது இருமிக்கொண்டிருக்கும்போது தூங்குவது எவ்வளவு நிம்மதி என்று உங்களுக்குத் தெரியாது சார், உங்கள் வீட்டில் ஆள் இருக்கும்.

சுகர் இறங்காவிட்டாலும் பரவாயில்லை என்று ஒரு நாள் இந்துமதி அக்கா வந்து முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அப்படி ஒரு முடிவு எடுப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஸ்டேஷனில் அண்ணாச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு பிஸ்கட் மட்டும் அனுப்பிவிடு என்றார். அனுப்பினேன்.

அதிலும் சீனிதானா என்று கேட்பீர்கள். ஆமாம். சென்னைக்குப் போய் உடம்பு இன்னும் மோசமானால், நம்ம ஊர்த் தண்ணீர்தான் ஒத்துக்கொள்கிறது என்று திருப்பி அனுப்புவார்கள் என்று நினைத்தேன். ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். சென்னையில் டாக்டரை மாற்றினார்கள். அடுத்த காலிலும் புண் வந்தது. அது மேலே ஏறியது. அவ்வளவுதான்.

உடன்குடியில் பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். இந்துமதி அக்கா என்னைப் பந்தியில் முதல் வரிசையில் உட்கார வைத்தார். எல்லாரும் போன பிறகு, அப்பா தலைமாட்டில் இருந்த டப்பா என்று கொண்டுவந்து, கடைசியாக மிஞ்சிய இரண்டு மூன்றில் ஒன்றை எடுத்துக் கடித்தார். அதுவரை அவர் தின்றதில்லை, அப்பாவுக்கென்று வந்தது என்று தொடவே மாட்டார். மென்றுகொண்டிருந்தவர் நிறுத்தினார்.

"இதுல சீனி இருக்கே, சிவா."

நான், "அண்ணாச்சிக்குத் தெரியும்க்கா" என்றேன்.

அவர் டப்பாவை மூடி மடியில் வைத்துக்கொண்டார். "அவுக நாக்குக்குத் தெரியாம எப்படி இருக்கும். தெரிஞ்சேதான் தின்னிருக்காக" என்றார். பிறகு, "எங்கள விட அவுகளுக்கு நாக்குதான் பெருசாப் போச்சு" என்று சொல்லி அழுதார். துக்கத்தில் அழுவது வேறு, கோபத்தில் அழுவது வேறு. இது கோபம். அப்பா மேல். நான் குறுக்கே பேசவில்லை. வருத்தத்தில் இருக்கிறவர்களிடம் வாக்குவாதம் செய்யக் கூடாது. என் மேல் அவருக்கு இருந்தது, லேபிளில் பொய் எழுதினேன் என்ற அளவு வருத்தம்தான். அதனால்தான் போலீஸுக்குப் போகாமல் உங்களிடம் எழுதியிருக்கிறார்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

அண்ணாச்சி வியாபாரத்தை விட்டதற்கு வேறு காரணம் உண்டு என்றேன் இல்லையா. கொரோனாக் காய்ச்சலில் அவருக்கு வாசனை போனது. ருசியும் போனது. எல்லாருக்கும் திரும்பி வந்தது, அவருக்கு வரவில்லை. கொஞ்ச நாள் கருப்பட்டியை உடைத்துப் பார்த்து, நிறத்தைப் பார்த்து, குத்துமதிப்பாகச் சொல்லிச் சமாளித்திருக்கிறார். பிறகு கண்ணும் மங்கியதும் ஊரை விட்டு வந்துவிட்டார். கீழே வந்து டீ குடிக்க ஆரம்பித்த புதிதில், இந்த ஹாலில் வைத்து என்னிடம் சொன்னார்.

"வெல்லத்தப் போட்டாலும் ஒண்ணுதான், மண்ணப் போட்டாலும் ஒண்ணுதான்லே எனக்கு. ஒன் பிஸ்கட்டுல அந்தக் குளுமை மட்டும் தெரியுது. அதுக்குத்தான் தெனம் வாரேன். எம் மவளுக்குக் கூடத் தெரியாது, நீ யார்ட்டயும் சொல்லிராத."

நான் யாரிடமும் சொல்லவில்லை. பதினாறாம் நாள் இந்துமதி அக்கா அப்படி அழுதபோதும் சொல்லவில்லை. இன்றைக்கு நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

சீனியில் அந்தக் குளிர்ச்சி கிடையாது சார். மனிதர் மாடியிலிருந்து கைப்பிடியைத் தடவித் தடவி இறங்கி வந்து, நாக்கில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒன்றுமே தெரியாமல் உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும். அதற்காகத்தான் ஒரு கிள்ளுக் கற்பூரம். சென்னைக்கு அனுப்பிய கடைசி டப்பா வரைக்கும் ஒரு நாளும் மறந்ததில்லை. நம்பி வருகிற ஒருவரை ஏமாற்ற எனக்கு மனசு வராது.