ஒச்சப்பன் டிக்கெட்டு

ரொம்பக் காலத்துக்கு முன்னால, கரி வண்டி ஓடுன நாள்ல, இதே கரட்டடியில ஒச்சப்பன்னு ஒருத்தரு இருந்தாராம். எங்க பூட்டன். எங்க அய்யாவுக்குத் தாத்தா. ஸ்டேஷன்ல போர்ட்டர் வேலை. வெளக்கேத்துவாரு, மூட்டை எறக்குவாரு, வண்டி வந்து நின்னதும் பெட்டி பெட்டியாப் பாத்துக் கதவ அடைப்பாரு.

ரயிலு கரட்டடியோட சரி. அதுக்கு மேல மலை. அதனால என்னாச்சு? யாரும் வேண்டாம்னு விட்டவங்க எல்லாம் இங்க வந்துதான் சேருவாங்களாம். புத்தி பேதலிச்சவங்க வருவாங்க. குஷ்டம் கண்டவங்க வருவாங்க. நடக்க மாட்டாத கெழடு கட்டைக வரும். கூட வந்த சனம் நடுவுல எங்கயோ எறங்கிப் போயிருக்கும்.

அதுக்கு ஸ்டேஷன் மாஸ்டரு ஒரு வழி வச்சிருந்தாராம். "காலை வண்டியில ஏத்தி விட்டுரு ஒச்சப்பா. கீழ ஸ்டேஷன்ல இருக்கறவன் பாத்துக்குவான்." கீழ இருக்கறவன் என்ன செய்வான்? சாயந்தர வண்டியில திரும்ப மேல ஏத்தி விடுவான். இப்படி மேலயும் கீழயும் போயே செத்தவங்க உண்டாம். ஒச்சப்பனும் சொன்னபடி ஏத்தி விட்டவருதான். புள்ளகுட்டிக்காரரு. வேலை போனா சோறு ஏது?

ஒரு நாள் பொழுது சாயற நேரம். வண்டி வந்து நின்னுச்சு. எல்லாரும் எறங்கிப் போயிட்டாங்க. கடைசிப் பெட்டி மூலையில ஒரு கெழவி மட்டும் ஒக்காந்திருக்கா. பேரு செவனம்மா. மடியில ஒரு துணி மூட்டை.

"எறங்கு ஆத்தா. வண்டி இதோட சரி."

"மவன் வரட்டும்யா. தண்ணி புடிக்க எறங்குனான்."

"எங்க எறங்குனான்?"

"பெரிய ஸ்டேஷன்ல."

பெரிய ஸ்டேஷன மத்தியானமே தாண்டியாச்சு. ஒச்சப்பனுக்கு வெளங்கிருச்சாம். கெழவிக்கு வெளங்கல. காலையில எப்பவும் போல ஏத்தி விட்டாரு. சாயந்தரம் வண்டி வருது. பெட்டி பெட்டியாப் பாத்துக்கிட்டே வர்றாரு. அதே பெட்டி, அதே மூலை, அதே கெழவி.

"மவன் இங்க வந்தானாய்யா? தண்ணிய வச்சுக்கிட்டு என்னயத் தேடி அலைவானே."

அந்தப் பேச்சு மனுசனப் போட்டு அறுத்துருச்சாம். கைத்தாங்கலா எறக்கி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாரு. அவரு பொஞ்சாதி கழுவாயி கஞ்சி ஊத்துனா. "நமக்கே பத்தல, இதுல இன்னொரு வாயா"ன்னு கேட்டாளாம். கேட்டுக்கிட்டே ஊத்துனாளாம். கெழவிக்குக் காச்சல் கண்டு, தேறி எந்திரிக்க ஒரு மாசம் ஆகிப்போச்சு.

"ஊரு எது ஆத்தா?"

"ஆவரங்கொளம்யா. மவன் பேரு பரமன். கண்மாய்க்கு மேக்க வீடு."

ஒச்சப்பன் லீவு கேட்டாரு, கெடைக்கல. கெடைக்காமலே கெளம்பிட்டாரு. ரயிலுல போனாங்க. மாட்டு வண்டியில போனாங்க. வண்டி போகாத எடத்துல கெழவியத் தோள்ல சொமந்துட்டுப் போனாராம்.

வாசல்ல மவன் நிக்கிறான். மொட்டத் தலை.

"பரமா, ஒங்காத்தாளக் கூட்டியாந்திருக்கேன்."

"எங்காத்தா செத்துப்போச்சு"ன்னானாம் அவன். "கோயிலுக்குப் போன எடத்துல வாந்திபேதி கண்டு போய்ச் சேந்துருச்சு. அங்கயே அடக்கம் பண்ணிட்டு, இங்க வந்து கருமாதியும் முடிச்சாச்சு. இது யாரோ."

ஊரு கூடிருச்சு. அங்க செவனம்மாவத் தெரியாத ஆளே இல்ல. ஆனா கருமாதிச் சோறு தின்ன வாயாச்சே, ஒண்ணும் தொறக்கல. ஒச்சப்பன் ஒவ்வொரு மொகமாப் பாத்துக் கேக்குறாரு. "ஏப்பா, ஒனக்குத் தெரியலயா? ஏத்தா, ஒனக்குமா தெரியல?" எல்லாரும் மண்ணப் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க.

கெழவி மவனோட மொட்டத் தலையப் பாத்தா. ரொம்ப நேரம் பாத்தாளாம். அப்பறம் ஒச்சப்பன் தோளத் தொட்டாளாம்.

"ஊரு மாறி வந்துட்டோம்யா. இது என் மவன் இல்ல. வா, போவோம்."

அப்படிச் சொன்னாளாம் பெத்தவ. ஊரு முன்னால அவன் தலை குனியக் கூடாதுன்னு சொன்னாளா, இனிமே இவன் மவனே இல்லன்னு சொன்னாளா, அது அவளுக்குத்தான் தெரியும்.

திரும்பி வர ஒச்சப்பன் டிக்கெட்டு எடுத்தாரு. கெழவி கைய நீட்டுனா.

"என் டிக்கெட்ட என் கையில குடுய்யா. அன்னைக்கு அவந்தான் வச்சிருந்தான்."

வழி பூரா அதக் கையிலயே புடிச்சுக்கிட்டு வந்தாளாம். கரட்டடியில எறங்குனதும் டிக்கெட்ட நீட்டுனா. வாங்கிப் போட வேண்டியது ஒச்சப்பன் வேலைதான். வாங்கல. "வச்சுக்க ஆத்தா"ன்னுட்டாரு.

அந்த மழைக்காலமே செவனம்மா போயிட்டா. ஒச்சப்பந்தான் மொட்டை போட்டுக் கொள்ளி வச்சாரு.

அடுத்து ஒரு வாய் பேசாத பொண்ணு வந்து சேந்துச்சாம், வயித்துல புள்ளையோட. மாஸ்டரு ஏத்தி விடச் சொன்னாரு. "இனி என் கையால ஒருத்தரையும் ஏத்தி விட மாட்டேன்யா"ன்னாரு ஒச்சப்பன். வேலை போச்சு. குடியிருந்த லைன் வீடும் போச்சு. அந்தப் பொண்ணுக்கு ஓலக் குடிசையில வச்சு கழுவாயிதான் பிரசவம் பாத்தா. நம்ம ஊரு என்ன செஞ்சுச்சு? போர்ட்டருக்கு எதுக்கு இம்புட்டுப் பெரிய மனசுன்னு சிரிச்சுச்சாம். ஒரு கை தவசம் குடுத்த வீடு கெடையாது. மனுசன் கல்லு ஒடைச்சுக் காப்பாத்துனாரு. சாயந்தரமானா மட்டும் ஸ்டேஷனுக்குப் போயி, சம்பளமில்லாம, பெட்டி பெட்டியாப் பாத்துட்டு வருவாராம். ஒரு நாள் அந்தக் கல்லுக் குழியிலேயே விழுந்து செத்தாரு.

செத்த பெறகுதான் ஊருக்கு ஒறச்சுச்சு. பின்னால ரயிலே ஓடாம நின்னு போச்சு, தண்டவாளத்தயும் பேத்துட்டாங்க. இன்னைக்கும் கரட்டடியில வயசானவங்களக் கூட்டிட்டு பஸ் ஏறுனா, டிக்கெட்டு அவங்க கையிலதான் இருக்கணும். கண்டக்டரே பாத்துக் குடுத்துருவாரு. அதுக்குப் பேரு ஒச்சப்பன் டிக்கெட்டு. நல்ல வழக்கமாச்சேன்னு வெளியூர்க்காரங்க சொல்லுவாங்க. என்னத்த நல்ல வழக்கம். பெத்த புள்ளைய நம்பாத வழக்கம்.