புகார் உள்ளவர்கள் முன்னால் வரலாம்

மலையில் தாள் எப்போதும் கொஞ்சம் நமத்துப்போய்த்தான் இருக்கும். பேனா மை பரவிவிடும். அதனால் நான் பென்சிலில் எழுதிப் பழகியவன். நீங்கள் பேனாதான் வேண்டும் என்றீர்கள், எழுதுகிறேன். எழுத்து கலங்கியிருந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை. தமிழிலேயே எழுதலாம் என்று விட்டதற்கு நன்றி, இன்ஸ்பெக்டர் ஐயா. மொழிபெயர்ப்பவர் நிதானமாகச் செய்யட்டும்.

என் பெயர் நல்லுசாமி. வயது ஐம்பத்தொன்பது. பிரிஞ்சாங்குக்கும் கம்போங் ராஜாவுக்கும் நடுவில் இருக்கும் தேயிலைத் தோட்டத்தில் இருபத்திரண்டு வருடமாகக் கங்காணி. எங்கள் டிவிஷனில் இரண்டு லயன்கள், ஒட்டிக் கட்டிய வரிசையாக முப்பத்தெட்டு வீடுகள். வீடு கம்பெனியுடையது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. எனக்கு அடுத்த வருடம் வேலை முடிகிறது. இதை எனக்காகச் சொல்லவில்லை. எங்கள் நிலைமை உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

போன வருடம் எங்கள் பக்கத்து மூன்று தோட்டங்களில் ஓர் ஒழுங்குச் சட்டத்தைச் சோதனையாகக் கொண்டுவந்தார்கள். பொது இடத்தில் குடித்துவிட்டுக் கலாட்டா செய்வது, ஸ்பீக்கரை அலறவிடுவது, லயன் ரோட்டில் மோட்டார் ரேஸ் ஓட்டுவது, அடிதடி, கெட்ட வார்த்தை. ஒருவன் மேல் ஒரே மாதத்தில் மூன்று புகார் சேர்ந்தால் வெளியிலிருந்து ஆள் வந்து விசாரிப்பார்கள். நல்ல சட்டம். நம் ஆட்களுக்கு அது தேவைதான். ஞாயிற்றுக்கிழமை எங்கள் லயனில் ஒரு மத்தியானம் உட்கார்ந்து பார்த்திருந்தால் நீங்களும் அப்படித்தான் சொல்வீர்கள்.

சட்டம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கத் தோட்டத்துக்கு ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். தோட்டத்தை நடத்தும் துரை என்னைக் கைகாட்டினார். கோலாலம்பூரிலிருந்து ரூபினி என்ற பெண் வந்து படிவங்களைக் கொடுத்தாள். மாதம் ஒரு தாள், ஐந்து கட்டங்கள். நன்றாகப் படித்த பெண். என்னை அங்கிள் என்றுதான் கூப்பிடுவாள்.

"சட்டம் நல்லா வேலை செய்யுதான்னு பார்க்கறதுதான் அங்கிள் உங்க வேலை. நடந்தத நடந்த மாதிரி எழுதினா போதும்லா" என்றாள்.

அன்றே மண்டபத்தில் துரை இன்னொன்றும் சொன்னார். மூன்று தோட்டங்களில் எங்கே சட்டம் நன்றாக வேலை செய்கிறதோ, அந்தத் தோட்டத்து ஆட்களுக்குச் சொந்த வீட்டுத் திட்டம் முதலில் வரும். முப்பத்தெட்டுக் குடும்பமும் கைதட்டியது. கிழவிகள் அழுதார்கள். எங்கள் தாத்தா கப்பலில் வந்ததிலிருந்து எங்களுக்கென்று ஒரு கதவு இருந்ததில்லை.

புகாரை எப்படி வாங்குவது என்பதை என் பொறுப்பில் விட்டார்கள். நான் எங்கள் வழக்கத்தையே வைத்துக்கொண்டேன். காலையில் பெரட்டுக்கு எல்லோரும் வரிசையில் நிற்பார்கள். பேர் கூப்பிட்டு, வேலை பிரித்துக்கொடுத்த பிறகு, "புகார் உள்ளவங்க முன்னால வரலாம்" என்பேன். வருகிறவர் எல்லோர் முன்னிலையிலும் சொல்ல வேண்டும். யார் மேல் புகாரோ அவனும் அங்கேதான் நிற்பான். முதுகுக்குப் பின்னால் பேசுவது எனக்குப் பிடிக்காது.

முதல் மாதம் முப்பத்தொரு புகார், ஆளுக்கு ஒன்று இரண்டு. இரண்டாம் மாதம் பதினாறு. எதுவும் செய்யாமலே பாதியாகக் குறைந்துவிட்டது. ஒழுங்கு என்பது அப்படித்தான், ஒரு முறை தொடங்கிவைத்தால் தானாகவே நடக்கும். மிச்சம் இருந்தவற்றுக்குத்தான் நான் கொஞ்சம் கை கொடுக்க வேண்டியிருந்தது.

சத்தத்தில் பாதி முருகையாவுடையது. காய்கறி லோரி ஓட்டுகிறவன். ஞாயிறு மத்தியானம் லோரியை லயன் வாசலில் நிறுத்தி, கதவைத் திறந்துபோட்டுப் பாட்டு வைப்பான். நான் போய்ப் பொறுமையாகச் சொன்னேன். சிரித்தான். அவன் வலது கை கதவு ஓரத்தைப் பிடித்திருந்தது. கதவைச் சாத்தினேன். முதல் முறை சரியாகச் சாத்தவில்லை, அதனால் இன்னொரு முறை சாத்தினேன். மூன்று விரல்கள் போயின. லோரிக் கதவைக் காற்று அடித்துச் சாத்திவிட்டது என்று தானா ராத்தா ஆஸ்பத்திரியில் அவனே சொன்னான். நான் சொல்லச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவன் பாட்டு வைக்கவில்லை.

குடி என்றால் காளிமுத்து. பஸ் நிற்கும் இடத்தில் பட்டப்பகலில் சம்சு குடித்துவிட்டுப் போகிற வருகிறவர்களைத் திட்டுவான். சுற்றுலாக்காரர்கள் போன் எடுத்துப் படம் பிடிப்பார்கள். ஒரு சனிக்கிழமை அவனை உரக் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போய், மண்வெட்டிக் காம்பால் முழங்காலில் அடித்தேன். ஓர் அடி போதும் என்று நினைத்திருந்தேன். நான்கு தேவைப்பட்டது. அவன் கத்தாமல் இருக்க வாயில் சாக்கை வைத்திருந்தேன், ஆகவே அதுவும் சத்தத்தில் சேராது. எனக்கு அவன் மேல் கோபம் இல்லை. பிறகு நான்தான் என் மோட்டாரில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

அதற்குப் பிறகு காளிமுத்து வெளியே போகவில்லை. வீட்டுக்குள்ளேயே குடித்தான். வீட்டுக்குள் குடிப்பது பொது இடத்தில் குடிப்பது ஆகாது. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. ஆனால் ஒரு சங்கடம் வந்தது. வெளியில் காட்டிய வேகத்தையெல்லாம் அவன் தன் மனைவி மோகனாவிடம் காட்டத் தொடங்கினான். ஆஸ்பத்திரியில் கொடுத்த ஊன்றுகோலாலேயே அடித்தான். மோகனா ஒரு நாளும் புகார் சொன்னதில்லை. முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு கொழுந்து எடுக்க வருவாள். குளிருக்கு எல்லோரும்தான் சுற்றிக்கொள்வார்கள்.

புகார் சொன்னது பக்கத்து வீட்டு நவமணி. ஐம்பது வயது, கணவன் இல்லாதவள், மகள் ஈப்போவில் இருக்கிறாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே பலகைச் சுவர். மற்றவர்கள் அடங்கிய பிறகும் இவள் மட்டும் வரிசையை விட்டு வெளியே வருவாள். காளிமுத்துவின் தம்பிமார் இரண்டு பேர் அங்கேயே நிற்பார்கள். அவளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

"அண்ணே, எழுதிக்குங்க. நேத்தும் அடிச்சான்."

"அது புருஷன் பொண்டாட்டி விஷயம், தங்கச்சி. இதுல அதுக்குக் கட்டம் இல்ல."

"அப்ப சத்தம்னு எழுதுங்க. அவ கத்துறது என் வீட்டுக்குத்தான் கேக்குது."

மூளைக்காரி. அதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். சத்தம் என்று எழுதினேன். மாதத்துக்கு இரண்டு எழுதினேன், மூன்றாவதை எழுதவில்லை. மூன்று சேர்ந்தால் விசாரணை வரும். விசாரணை வந்தால் முழங்கால் விஷயம் வரும், விரல் விஷயம் வரும், வீடு போகும். ஒரு வீட்டுச் சண்டைக்காக முப்பத்தெட்டு வீட்டை இழப்பது நியாயமா என்று நான் லயனில் சிலரிடம் கேட்டேன். நியாயமில்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அடுத்த வாரம் கடைக்குப் போகும் வேனில் நவமணிக்கு யாரும் இடம் கொடுக்கவில்லை. அவள் வீட்டுக் குழாயை யாரோ உடைத்துவிட்டார்கள். அது நான் இல்லை.

ஒரு வருடம் நிறைகிற மாதம் அது. வியாழக்கிழமை ரூபினி அந்த வருடத்துக் கடைசித் தாளை வாங்க வருவதாக இருந்தது. புதன்கிழமை காலைப் பெரட்டில் நவமணி முன்னால் வரவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. வரிசை கலையும்போது என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்.

"உங்ககிட்ட இனிமே சொல்லப் போறதில்லண்ணே. அந்தப் பொண்ணு நாளைக்கு வருதுல்ல. நீங்க எழுதாம விட்டதெல்லாம் நான் தேதி போட்டு வச்சிருக்கேன். அதுகிட்டயே கொடுத்துக்கறேன்."

ஒரு வருட உழைப்பு, இன்ஸ்பெக்டர் ஐயா. மழையில் நனைந்து, ஒவ்வொரு மாதமும் கட்டம் தவறாமல் எழுதிய தாள்கள். அவ்வளவும் பொய் என்று ஆகிவிடும். எனக்கு நெஞ்சு வலித்தது. அவள் அதை யோசித்திருக்கலாம்.

அன்று அவளுக்குப் பதினான்காம் மலையில் ஓரத்து நிரையைக் கொடுத்தேன். பெண்கள் தூரம் தூரமாக நின்று கத்தரியால் கொழுந்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். பதினொரு மணிக்கு மேல் பனி இறங்கியது. பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாது. என் கையில் கவாத்து வெட்டும் பாராங் கத்தி இருந்தது. அது எப்போதும் இருப்பதுதான். அவளிடம் போய், அந்தத் தேதிகளைக் கொடுத்துவிடு, வீடு கிடைத்ததும் காளிமுத்துவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கேட்டேன். மரியாதையாகத்தான் கேட்டேன்.

அவள் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அதுக்குள்ள அவ செத்துடுவாண்ணே" என்றாள்.

திரும்பிக் கத்தரியை எடுக்கக் குனிந்தாள். கழுத்தில் வெட்டினேன். மழைச் சட்டையின் காலர் தடித்த பிளாஸ்டிக், முதல் வெட்டு அதில் வழுக்கிவிட்டது. அவள் முழங்காலில் விழுந்து தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டாள். இரண்டாவதும் மூன்றாவதும் சரியாக விழுந்தன. செடியைப் பிடித்த கையைப் பிரிக்கத்தான் நேரம் ஆனது. ஒவ்வொரு விரலாக மடக்க வேண்டியிருந்தது. காலைப் பிடித்து ஓடைப் பள்ளத்துக்கு இழுத்துப் போய், கவாத்துக் கிளைகளைப் போட்டு மூடினேன். சட்டைப் பையில் ஒரு பள்ளிக்கூட நோட்டின் நான்கு பக்கம் இருந்தது. கையெழுத்து அழகாக இருந்தது. ஓடையில் விட்டேன்.

அவள் வெட்டிய கொழுந்து சாக்கில் கிடந்தது. நல்ல கொழுந்து, முற்றல் ஒன்றுகூட இல்லை. அதை விட்டுவர மனம் வரவில்லை. நானே தூக்கிப் போய் மூன்று மணிக்குத் தராசில் வைத்து அவள் பேரிலேயே பதிந்தேன். ஒருவருடைய உழைப்பை வீணாக்குவது பாவம். லயனில் கேட்டவர்களிடம், அவள் பதினொரு மணி பஸ்ஸில் ஈப்போவுக்கு மகள் வீட்டுக்குப் போய்விட்டாள் என்று சொன்னேன். பதினொரு மணிக்குப் போனவளின் கொழுந்து மூன்று மணிக்கு எப்படி எடைக்கு வந்தது என்று தராசுச் சீட்டைக் காட்டி நீங்கள்தான் முதலில் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. இருபத்திரண்டு வருடத்தில் ஒருவர் கொழுந்தையும் நான் மறைத்ததில்லை. அந்தப் பழக்கம்தான் என்னைப் பிடித்துக்கொடுத்தது.

வியாழக்கிழமை ரூபினி வந்தாள். தாளைக் கொடுத்தேன். நவமணி சொன்ன சத்தத்தையும் இந்த மாதம் விட்டுவிட்டேன், ஐந்து கட்டத்திலும் பூஜ்யம். அவள் சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பழைய தாள்களையும் எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தாள்.

"அங்கிள், மத்த ரெண்டு தோட்டத்துல புகார் ஏறிக்கிட்டே இருக்கு. அதான் நல்லதுலா. சட்டத்த நம்பி வந்து சொல்றாங்கன்னு அர்த்தம். இங்க மட்டும் ஏன் யாருமே பேசமாட்டேங்கறாங்க?"

புகார் கூடினால் சட்டம் நன்றாக வேலை செய்கிறது என்று எந்த ஊரில் சொல்வார்கள்? சின்னப் பெண். லயனில் ஒரு நாள் படுத்திருப்பாளா? செவ்வாய்க்கிழமை திரும்ப வந்து பெண்களைத் தனித்தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு, பேசப்போவதாகச் சொன்னாள். முதலில் மோகனா என்று பேர் குறித்துக்கொண்டாள். முகத்துத் துண்டை எப்படியோ கவனித்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காளிமுத்து மோகனாவை அடித்தான். அந்தப் பெண்ணிடம் என்ன சொன்னாய் என்று கேட்டு அடித்தான். மோகனா இன்னும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. முக்கால் மணி நேரம் நடந்தது. இரண்டு லயனுக்கும் கேட்டது. என் வீட்டுக்கும் கேட்டது. நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தும் சத்தமும் கேட்டது. பிறகு அமைதியாகிவிட்டது. இரண்டு மணி வாக்கில் அவனே வாசலுக்கு வந்து, அவள் மூச்சு விடவில்லை என்று சொல்லி உட்கார்ந்து அழுதான்.

மோகனாவை நான் கொல்லவில்லை. இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். நவமணியைக் கொன்றேன், முருகையாவின் விரல்களையும் காளிமுத்துவின் காலையும் உடைத்தேன். இதில் எதையும் நான் மறுக்கவில்லை. மோகனா விஷயம் வீட்டுக்குள் நடந்தது.

திங்கட்கிழமை காலையில் வழக்கம்போல் பெரட்டு எடுத்தேன். வரிசையில் மோகனாவின் இடமும் நவமணியின் இடமும் காலியாக இருந்தன. பேர் கூப்பிட்டு, வேலை பிரித்துக் கொடுத்தேன். "புகார் உள்ளவங்க முன்னால வரலாம்" என்றேன். வழக்கத்தைவிட அதிக நேரம் காத்திருந்தேன். யாரும் வரவில்லை. எல்லோரும் தங்கள் ரப்பர் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். புதிய மாதத்துத் தாளில் முதல் பூஜ்யத்தை எழுதினேன்.

அந்த அமைதியை நான் ஒருவனே கொண்டுவந்ததாக உங்கள் அறிக்கையில் எழுதிவிடாதீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. எல்லோரும் ஒத்துழைத்தார்கள்.