படே மகராஜைத் துடைத்தவன்

இரவு ஒன்றரை மணி. கேன் ஆற்றுத் துறையிலிருந்து வெள்ளைக்கார ஏஜென்ட் துரையின் முகாமுக்குப் போகிற சாலை. இரண்டு பக்கமும் தேக்கங்காடு. ஒற்றைக் குதிரை பூட்டிய ஒரே ஒரு எக்கா வண்டி, அதில் ஒரே ஒரு லாந்தர். முன்னால் வண்டிக்காரன் புத்துவா. பின்னால் என் நண்பன் கிர்தாரியின் அக்கா புருஷன், லாலா சதாசுக் ராய். அவர் மடியில் ஒரு வெள்ளிப் பெட்டி.

பரம்லால், அந்த விறகைக் கொஞ்சம் உள்ளே தள்ளு. மாப்பிள்ளை வீட்டார் விடியும்வரை விழித்திருக்க வேண்டும், கதை சொல்லு என்று நீங்கள்தான் கேட்டீர்கள். பாதியில் போர்வையை இழுத்து மூடக் கூடாது.

சர்க்... சர்க்...

நின்றது. மறுபடியும்... சர்க்.

சக்கரத்தின் சத்தம் இல்லை. தன் வண்டி எப்படி முனகும் என்று புத்துவாவுக்குத் தெரியும். இது மெல்லிய மஸ்லின் துணியைக் கண்ணாடியில் வைத்துத் தேய்க்கிற சத்தம்.

"என்ன லாலாஜி, நடுராத்திரியில எதைத் துடைச்சிக்கிட்டிருக்கீங்க?" என்றான், திரும்பிப் பார்க்காமலே.

சதாசுக் ராயின் இரண்டு கைகளும் பெட்டியின் மூடிமேல் இருந்தன. பெட்டி பூட்டியிருந்தது. சாவி அவர் இடுப்பில்.

அப்புறம் வாசனை வந்தது. பூந்திக்கொட்டை போட்டு அலசிய ஈரத்துணியின் வாசனை. அது யாருடைய துணி என்று அவருக்குத் தெரியும். அந்த ஆள் செத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

எங்கள் சந்தௌரா சமஸ்தானம் பெரியதல்ல. ராஜா யானைமேல் ஊர்வலம் போனால், யானை திரும்புவதற்குப் பக்கத்து சமஸ்தானத்தில் இடம் கேட்க வேண்டும். ஆனால் எங்களிடம் ஒரு வைரம் இருந்தது. நெல்லிக்காய் அளவு. அதன் பேர் படே மகராஜ். பெரிய ராஜா என்று அர்த்தம். சிம்மாசனத்தில் உட்கார்ந்தவர் சின்ன ராஜாதான். படே மகராஜுக்குத் தனிப் பல்லக்கு, தனி விசிறிக்காரன், மூன்று வேளைப் படையல், அந்தப் படையலைச் சாப்பிட்டுத் தீர்க்க நாலு சமையற்காரர்கள். அவர்மேல் மனித மூச்சு படக் கூடாது, தீட்டு. துடைக்கிறவன் ஏழு மடிப்புத் துணியால் வாயையும் மூக்கையும் கட்டிக்கொள்வான். தரிசனத்துக்கு வருகிறவர்கள் பத்தடி தள்ளி நிற்பார்கள். தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். அது எவ்வளவு வசதியான வழக்கம் என்பதை எங்கள் ராஜாதான் முதலில் கண்டுபிடித்தார்.

டில்லி தர்பார் வந்தது. எங்கள் ராஜாவுக்கு ஒன்பது பீரங்கிக் குண்டு மரியாதை. பக்கத்து ராஜாவுக்குப் பதினொன்று. சுடப்படாத அந்த இரண்டு குண்டும் எங்கள் ராஜாவின் நெஞ்சிலேயே பாய்ந்திருந்தன. டில்லியில் ஒரு கை பார்த்துவிடுவது என்று தனி ரயில் பெட்டி செய்யச் சொன்னார். தோல்பையில் ஊதுகிற சீமைக் குழல் பன்னிரண்டு வாங்கினார். ஊதுவதற்கு எங்கள் ஊர்ப் புந்தேலாக்காரர்கள் பன்னிரண்டு பேரைப் பிடித்து, கட்டம் போட்ட பாவாடை கட்டிவிட்டார். அவர்களுடைய பெண்சாதிகள் ஒரு வாரம் வெளியே தலை காட்டவில்லை.

இதற்கெல்லாம் விலையாகப் படே மகராஜ் ஓசைப்படாமல் கல்கத்தாவுக்குப் போனார். மடியில் கட்டிக்கொண்டு போய் விற்றுவிட்டு வந்தவர் சதாசுக் ராய். அவர்தான் பொக்கிஷக் காவலர். அரண்மனைச் சரவிளக்கில் ஒரு கண்ணாடித் தொங்கல் குறைந்தது. கல்கத்தாக்காரன் அதைப் பட்டை தீட்டிக் கொடுத்தான். வெள்ளிப் பெட்டி மறுபடி நிறைந்தது.

ராஜா கேட்டாராம்: "லாலா, உமக்குக் கண் பார்வை எப்படி?"

"நல்லா இருக்கு, ஹுஸூர்."

"இனிமே அவ்வளவு நல்லா இருக்க வேணாம்."

ஒரு சால்வையும் 'விசுவாச ரத்தினம்' என்ற பட்டமும் கிடைத்தன. டில்லியில் ராஜாவுக்குக் கிடைத்தது அதே ஒன்பது குண்டு.

எட்டு வருஷம் ஓடியது. பெரியவரைத் துடைத்துக்கொண்டிருந்தவன் ஹல்கே. அப்பா, தாத்தா எல்லோரும் வைரச் சுரங்கத்தில் மண் அரித்தவர்கள். காலையில் பெட்டியைத் திறந்து கொடுக்கிற லாலாவும், வாங்கித் துடைக்கிற ஹல்கேயும் தினமும் இரண்டு வார்த்தை பேசுவார்கள்.

"லாலாஜி, பெரியவருக்கு முன்ன மாதிரி குளிர்ச்சி இல்லையே. தொட்டா ஒரு மாதிரி வெதுவெதுன்னு இருக்காரு."

"வயசாச்சுடா. உன் கை மட்டும் என்ன, முன்ன மாதிரியா இருக்கு?"

ஹல்கே சிரிப்பான். லாலாவும் சிரிப்பார். அந்தச் சிரிப்பைத்தான் பிற்பாடு அவரால் மறக்க முடியவில்லை என்று கிர்தாரி சொல்வான்.

ஒரு கார்த்திகைப் பௌர்ணமி. விடியற்காலைத் தரிசனம். நல்ல குளிர். ஹல்கேவுக்கு நாலு நாளாக மார்ச்சளி. குனிந்து துடைத்துக்கொண்டிருந்தவனுக்கு இருமல் பொத்துக்கொண்டு வந்தது. வாய்க்கட்டு அவிழ்ந்தது. மூச்சு கல்மேல் பட்டது.

உங்களுக்குத் தெரியாதது இல்லை. வைரத்தின்மேல் ஊதினால் பனி நிற்காது. கண் இமைப்பதற்குள் போய்விடும். கண்ணாடிமேல் என்றால் நிற்கும்.

நின்றது.

முன்வரிசையில் ஒரு கிழட்டுத் தாக்கூர் ஜமீன்தார். "என்னப்பா இது, பெரியவருக்கு வேர்க்குதே" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி.

ராஜா எழுந்துவிட்டார். "திருடிட்டான். அசலை எடுத்துட்டுக் கண்ணாடியை வெச்சிட்டான். பிடிங்க அவனை."

அன்று மத்தியானமே விசாரணை. விசாரித்தவர், குற்றம் சாட்டியவர், தீர்ப்பளித்தவர் மூவரும் ராஜாவே. ஹல்கே ஒன்றே ஒன்றுதான் சொன்னான்.

"லாலாஜிக்குத் தெரியும். அவரைக் கேளுங்க."

கேட்டார்கள். சபை முழுக்க அவரைப் பார்த்தது. ஒரு வார்த்தை. சொன்னால் ராஜாவின் கத்தி, சொல்லாவிட்டால் ஹல்கேயின் கழுத்து.

"போன வருஷம் வரைக்கும் அசல்தான் இருந்தது, ஹுஸூர்."

ஹல்கே கத்தவில்லை, சாபம் விடவில்லை. கழுத்தில் தொங்கிய வாய்க்கட்டை எடுத்து, தானே இறுக்கக் கட்டிக்கொண்டான்.

கோட்டையின் நிலவறையில் போட்டார்கள். பதினோரு ராத்திரி இருமல் கேட்டது. பன்னிரண்டாவது ராத்திரி கேட்கவில்லை.

அதற்குள் திவான் ஒரு சிக்கலைக் கண்டுபிடித்திருந்தார். வைரம் திருட்டுப்போனது என்றால், வைரம் இல்லாத ராஜாவுக்கு ஒன்பது குண்டு எதற்கு என்று துரை கேட்பாரே? ஆகவே இன்னொரு தீர்ப்பு வந்தது: பெரியவர் பத்திரமாக இருக்கிறார், அன்று அவர்மேல் நின்றது பாவியின் தீட்டு மூச்சு. முதல் தீர்ப்பையும் ரத்து செய்யவில்லை. ஆக, திருட்டும் நிரூபணம், திருட்டுப்போன பொருள் பெட்டியிலேயே இருப்பதும் நிரூபணம்.

ஹல்கேயின் பெண்சாதி ஜமுனி. தினமும் காலையில் அரண்மனை வாசலுக்கு எதிரே வந்து நிற்பாள். அழ மாட்டாள், கேட்க மாட்டாள். நிற்பாள், அவ்வளவுதான். சதாசுக் ராய் ஒரு நாள் இருட்டினபின் அவள் குடிசைக்கு ஒரு மூட்டை கோதுமை எடுத்துக்கொண்டு போனார்.

"கோதுமை வேணாம் லாலா. அவரு திருடலேன்னு ஒரு வார்த்தை, நாலு பேர் முன்னாடி சொல்லுங்க. போதும்."

லாலா மூட்டையை வைத்துவிட்டு வந்தார். காலையில் அது அவர் வீட்டு வாசலில் கிடந்தது.

ஊர் வாயை மூட முடியுமா? துரையிடமிருந்து கடிதம் வந்தது: கல்லை அனுப்புங்கள், நிபுணர் பார்க்க வேண்டும். பகலில் கொண்டுபோனால் படே மகராஜுக்கு யானை, குடை, குழல் எல்லாம் வேண்டும். செலவு. அதனால்தான் ராத்திரி, அதனால்தான் எக்கா வண்டி.

அன்றைக்கு சதாசுக் ராய் ஒரு விதத்தில் சந்தோஷமாகத்தான் கிளம்பினார். கல்கத்தா விஷயம் தெரியாத கிர்தாரியிடம் அன்றுதான் எல்லாவற்றையும் கொட்டினார். "நான் சொல்ல வேணாம் மச்சான். நிபுணன் ஊதுவான், பனி நிக்கும், எல்லாம் தானா வெளிய வந்துடும். எனக்கு என்ன வேணா ஆகட்டும். அவன் பேரு சுத்தமாயிடும்."

தானாக வந்துவிடும்... அதுதான் அவருடைய தைரியத்தின் அளவு.

இப்போது சாலைக்கு வருவோம். சர்க்... சர்க்...

லாலா பெட்டியைத் திறந்தார். லாந்தரைக் கிட்டே இழுத்தார். கல் பளபளவென்று இருந்தது, இப்போதுதான் துடைத்து வைத்த மாதிரி. அதன்மேல் ஊதினார். பனி படர்ந்தது. கண்ணாடி அல்லவா, நின்றது.

பிறகு அந்தப் பனியின் நடுவே... இடமிருந்து வலமாக... ஒரு விரல் அகலத்துக்கு ஒரு கோடு விழுந்தது. சர்க். பக்கத்தில் இன்னொரு கோடு. சர்க். நிதானமாக, ஓரம்கூட விடாமல், வேலை தெரிந்த கை துடைக்கிற மாதிரி.

"முன்ஷிஜி, உங்க நண்பரோட அக்கா புருஷனுக்குக் கஞ்சாப் பழக்கம் உண்டா?" அப்படித்தானே கேட்கப் போகிறாய், பரம்லால்? கேள். நானும் அப்படித்தான் கிர்தாரியைக் கேட்டேன்.

முகாமில் காலை பத்து மணி. நிபுணர் பெரிய நிபுணர். ஆகவே ஒரே ஒரு சோதனை போதும் என்றார். தராசு கொண்டு வரவில்லை, மதியம் வேட்டைக்கு வேறு போக வேண்டும். கல்லை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, வாயைக் குவித்து ஊதினார்.

நிற்கவில்லை. கண் இமைப்பதற்குள் போய்விட்டது.

மறுபடி ஊதினார், மறுபடியும். அந்தக் கூடாரத்தில் 'சர்க்' என்ற சத்தம் ஒரே ஒருவர் காதில்தான் விழுந்தது.

"முதல் தரம்" என்று எழுதி முத்திரை குத்தினார். துரை கை குலுக்கினார். "உங்க ராஜாகிட்ட சொல்லுங்க. எங்களுக்கு இப்ப எந்தச் சந்தேகமும் இல்ல. நீங்க ஏதாவது சொல்லணுமா?"

ஏதாவது சொல்லணுமா... வெள்ளைக்காரன் வாயால் கேட்டேவிட்டான். லாலா வாயைத் திறந்தார்.

"எல்லாம் ஹுஸூர் கருணை" என்று வந்தது.

அவர் திரும்பி வந்தபோது சந்தௌராவில் ஒன்பது குண்டு போட்டார்கள், குழல் ஊதினார்கள். ஜமுனி எதிரே நின்றுகொண்டிருந்தாள். அதற்கு மறுநாளிலிருந்து அவள் வரவில்லை. எங்கே போனாள் என்று யாருக்கும் தெரியாது.

அதற்கப்புறம் சதாசுக் ராயின் மூச்சு எந்தக் கண்ணாடியிலும் நிற்கவில்லை.

இதை நானே பார்த்தேன். நான் அப்போது சமஸ்தான ஆஸ்பத்திரியில் எழுத்தன். ஒரு தை மாதக் காலையில் கிர்தாரி என்னை அவர் வீட்டுக்குக் கூட்டிப்போனான். லாலா தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னிடம் நீட்டினார். "ஊதுங்க முன்ஷி." ஊதினேன். பனி நின்றது. துடைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அவர் ஊதினார். படர்ந்தது... சர்க். போயிற்று. அறையில் பூந்திக்கொட்டை வாசனை.

"தினமும் துடைக்கிறான்" என்றார். "ஒரு நாள்கூட லீவு போடல. சம்பளம் யாரு குடுக்கறாங்களோ."

சிரிக்கத்தான் முயற்சி செய்தார்.

நாலு வருஷம் அப்படியே இருந்தார். ஒரு மாசி மாதம் காய்ச்சல் வந்து நினைவு தப்பிவிட்டது. மூன்றாம் நாள் காலை அசைவே இல்லை. எங்கள் டாக்டர் வந்தார், நானும் கூடப் போனேன். நாடி பிடித்தார், கிடைக்கவில்லை. நெஞ்சில் வைத்துக் கேட்கிற குழாயைத் தேடினார். அதன் ரப்பரைச் சீமைக் குழல் ஒழுகுகிறதென்று இசைக் குழுவினர் வாங்கிப் போயிருந்தார்கள். வாசலில் ராஜாவின் ஆட்கள் வந்து நின்றாயிற்று. விசுவாச ரத்தினத்துக்கு அரச மரியாதையோடு ஊர்வலம். நாலு மணிக்கு ராஜா துரையோடு தேநீர் குடிக்க வேண்டும், அதற்குள் முடித்தாக வேண்டும்.

"முன்ஷி, ஒரு கண்ணாடி எடுங்க" என்றார் டாக்டர்.

மாடத்தில் இருந்த கைக்கண்ணாடியை எடுத்துக் கொடுத்தது நான்தான். அவர் அதை லாலாவின் மூக்கருகில் பிடித்தார். நூறு வரை எண்ணினார். கண்ணாடி சுத்தமாக இருந்தது. ஒரு பொட்டுப் பனி இல்லை.

எனக்கு வாசனை வந்தது.

அப்புறம், மிக மெதுவாக... சர்க்.

கிர்தாரி என்னைப் பார்த்தான், நான் கிர்தாரியைப் பார்த்தேன். டாக்டரிடம் என்னவென்று சொல்வது? அரசாங்க டாக்டர், படித்தவர். வாசலில் பல்லக்கு அலங்கரித்தாயிற்று. ஒரு நாள் பொறுக்கலாம் என்று ஒரே ஒரு வார்த்தை...

"முடிஞ்சுது" என்றார் டாக்டர். நாங்கள் தலையாட்டினோம்.

பன்னிரண்டு பேரும் பாவாடை கட்டிக்கொண்டு முன்னால் ஊதிக்கொண்டு போனார்கள். கேன் ஆற்றங்கரையில் கட்டையின்மேல் கிடத்தினோம். முகத்தில் வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. நானும் கிர்தாரியும் தலைமாட்டில் நின்றோம். துணியில், மூக்குக்கு நேரே, உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கொஞ்சம் பரவியது.

"பனி" என்றான் கிர்தாரி.

"ஆமா, பனிதான்" என்றேன். முகத்தின்மேல் முதல் கட்டையை எடுத்து வைத்தேன்.

அப்போது பிற்பகல் மூன்று மணி. நல்ல வெயில்.