தூக்குக் கட்டிலின் மறுமுனை

மரத்தடியில் போட்ட இரண்டு பெஞ்சுகளையே மேடையாக ஏற்று அமர்ந்திருக்கும் மதிப்பிற்குரிய ஆயர் நமகோமா அவர்களே, கிராமத் தலைவர் அவர்களே, கை குலுக்காமல், தோள் உரசாமல், ஆளுக்கு ஒரு பாய் தூரம் தள்ளித் தள்ளி அமர்ந்திருக்கும் சிகோன்டே சபை மக்களே! உங்கள் அனைவருக்கும் பயத்தோடு வணக்கம் சொல்கிறேன்.

துக்கத்தோடு என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். துக்கம் இருக்கிறது. ஆனால் பயம் அதற்கு முன்பாகவே வந்து முதல் வரிசையில் உட்கார்ந்துவிட்டது. நான் இந்த ஊர்ப் பள்ளியின் தலைமை ஆசிரியன். இதே மரத்தடியில் எத்தனையோ பேருக்கு இரங்கல் சொன்னவன். இன்று காகிதத்தில் எழுதி வந்து, அதைப் பார்த்துத்தான் படிக்கிறேன். நம் மண்ணில் ஒரு சாவுக்கு வந்தவர்களை ந்சிமாக் களி போடாமல் அனுப்பியதுண்டா? இன்று அடுப்பே மூட்டவில்லை. மூட்டியிருந்தாலும் யார் கை வைத்திருப்போம்?

நம் சபை மூப்பர், ஊரே ‘மாயி’, அம்மா, என்று அழைத்த எஸ்நாத்தி மலுங்கா மறைந்து எட்டு நாளாகிறது! வேதக் கல்லூரியின் படி ஏறாதவர். ஆனால் ஞாயிறுதோறும் ஆசீர்வாதத்துக்கு முன்னால் ஐந்து நிமிடம் அவருடையது. இடுப்புத் துணியின் முனையில் எதையாவது முடிந்துகொண்டு வருவார். தூக்கணாங்குருவிக் கூடு, முளைவிட்ட பயறு, நத்தை ஓடு. ஒருமுறை உயிரோடு ஒரு நண்டு! அது முடிச்சவிழ்ந்து ஆயர் அவர்களின் அங்கிக்குள் ஏறியது. சிரிக்கிறீர்கள். ஆயர் அவர்களும் இப்போது சிரிக்கிறார், அன்று சிரிக்கவில்லை! அந்த நண்டு என்ன பாடம் சொல்ல வந்ததோ, கடைசிவரை யாருக்கும் தெரியாமலே போயிற்று.

சந்தை நாளில் மழை கொட்டியபோது, ஒரு பெண் தன் பிளாஸ்டிக் விரிப்பை எடுத்துப் பக்கத்துக் கடைக்காரியின் மாவு மூட்டையை மூடிவிட்டு, தன் கூடையோடு நனைந்துகொண்டு நின்றாள். அந்த ஞாயிறு மாயி எழுந்து நின்றார்.

"நேத்து ஆண்டவர் நம்ம சந்தைக்கு வந்திருந்தார். தக்காளி வித்துக்கிட்டிருந்தார்."

"அழுகல் இல்லாம குடுத்தாரா மாயி?" என்றது பின்வரிசைக் குறும்பு ஒன்று.

"ரெண்டு அழுகல் இருந்துச்சுப்பா. அதை அவரே வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டார்."

நாம் சிரித்தோம். சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனோம். போகிற வழியில் எத்தனை பேர் அந்தத் தக்காளிக்காரியை நின்று பார்த்தோம்!

பிறகு புயல் வெள்ளம் வந்தது. இரண்டு பகல் பள்ளிக் கூரைமேல் கிடந்தோம். எதிரே தண்ணீருக்கு நடுவில் ஒரு கறையான் புற்று. அதன்மேல் ஒரு பாம்பு, ஒரு கோழி. தண்ணீர் வடிந்த ஞாயிற்றுக்கிழமை மாயி வெறும் துணியோடு வந்தார், முடிச்சில் எதுவும் இல்லை.

"ரெண்டும் ஒரு முழம் தள்ளித்தான் இருந்துச்சுங்க. ரெண்டும் நடுங்குச்சு. பாம்பு கொத்தவே இல்ல. பயத்துல பாம்புகூட சும்மா இருக்கு. நாமதான் பயந்தா கொத்துறோம். ஆண்டவரோட ராஜ்யத்தை நான் அந்தப் புத்துமேல பாத்தேன்."

அந்த வார்த்தை நம்மைப் பற்றியது என்று அன்று யாருக்குத் தெரியும்? வெள்ளம் போன தடத்தில் காலரா வந்தது. மாயி வாளியையும் வெள்ளைக் குளோரின் பொடியையும் தூக்கிக்கொண்டு கிணறு கிணறாகப் போனார். உப்பும் சர்க்கரையும் கரைத்துப் பாட்டில் பாட்டிலாகக் கொடுத்தார். நாம் என்ன செய்தோம்? ஓடைக்கு அப்பால் குடியிருக்கும் லாஃபோர்ட் என்பவன், சந்தையில் நின்று கத்தினான்: "மருந்துன்னு சொல்லிக் கிணத்துல சாவைக் கரைக்கிறா இவ!" அதை நாம் நம்பினோம். நம்பாதவர்களும் வாயை மூடிக்கொண்டோம். முதல் கல்லை அவன் எறிந்தான்; இன்னும் கற்கள் பறந்தன. ஒன்று அவர் தோளில் பட்டது.

அவரை வீராங்கனை என்றும் அஞ்சாத நெஞ்சம் என்றும் எனக்கு முன் பேசியவர்கள் புகழ்ந்தார்கள். மன்னியுங்கள், அது உண்மையில்லை! மாயிக்கு நம்மைவிடப் பயம் அதிகம். குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தவரை நான் பார்த்திருக்கிறேன். தோல் சிவந்து போகும்வரை தேய்த்துக்கொண்டே அழுதார்.

"பயமா இருக்கா மாயி?"

"பயமாவா? வயிறு லேசா கடமுடன்னாலே செத்தேன்னு நெனைச்சுக்கறேன், வாத்தியாரே."

"அப்புறம் ஏன் நோயாளிங்க வீட்டுக்குப் போறீங்க?"

"அங்க படுத்திருக்கறவங்களுக்கு என்னைவிட ஜாஸ்தி பயமா இருக்குமே."

இதற்கு மேல் ஒரு பிரசங்கம் எந்த ஆலயத்தில் கேட்டிருக்கிறோம்?

இனி நான் சொல்லப் போவது காகிதத்தில் எழுதப்படவில்லை. அவர் நோய்ப்படுவதற்கு மூன்று நாள் முன்பு, செவ்வாய்க்கிழமை, என் வீட்டு வாசலில் அவர் குரல் கேட்டது. "ஓடீ!" நம் ஊரில் யார் வந்து "ஓடீ" என்றாலும், உள்ளே இருப்பவர் "ஓடீனி, வாங்க" என்று சொல்லாமல் இருந்ததுண்டா? நான் சொல்லவில்லை. ஜன்னலை அடைத்து, மூச்சை அடக்கி, என் மனைவி ஃபலேசியைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தேன். மறுபடியும் "ஓடீ!" மூன்றாவது முறை ஃபலேசியின் நாக்கு அவளை மீறிவிட்டது. பிறந்ததிலிருந்து பழகிய நாக்கு! "ஓடீனி!" என்று சொல்லிவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு எப்படிக் கதவைத் திறக்காமல் இருப்பது?

மாயி உள்ளே வரவில்லை. பப்பாளி மரத்தடியிலேயே நின்றார். "பயப்படாதீங்க வாத்தியாரே, கிட்ட வரமாட்டேன். காலராவுல கெடக்கற நெலியாவுக்குக் கண்ணு சொருகுது. தூக்குக் கட்டில்ல வச்சுச் சுமக்க ரெண்டு பேர் வேணும். மறுமுனையை நீங்க பிடிச்சா போதும்."

"மூட்டு வலி மாயி" என்றேன்.

அவர் என் காலைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். "சரி, வெந்நீர் ஒத்தடம் குடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். கேலியே இல்லை, மக்களே! கேலி செய்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்!

பாலம் இல்லை, வண்டி இல்லை. நெலியாவைத் தன் முதுகில் துணியால் கட்டி, இரண்டு மைல் தூரம் சிகிச்சைக் கூடாரம்வரை தனியாகச் சுமந்தார். வழியெல்லாம் வாந்தி அவர் கழுத்தில் வழிந்தது. கழுவ இடையில் நல்ல தண்ணீர் இல்லை. வெள்ளிக்கிழமை படுத்தார். சனிக்கிழமை போய்விட்டார். நெலியா பிழைத்தார். இதோ மூன்றாம் வரிசையில் இருக்கிறார், நலமாக. அவரைச் சுற்றி மட்டும் ஏன் இவ்வளவு இடம் விட்டிருக்கிறோம்?

மாயி பெயரைக் கிணற்றுக்கு வைப்போம் என்றார்கள். கல்வெட்டு நடுவோம், பாடல் இயற்றுவோம் என்றார்கள். நல்லது. ஆனால் இன்று காலை நடந்ததை யாராவது சொன்னோமா? லாஃபோர்டின் தங்கை வேலிக்கு வெளியே நின்று அழுதாளே! "அண்ணனுக்கு விடியறதுக்குள்ள பத்து தடவை போயிடுச்சு. அண்ணி பிள்ளைங்களோட ஓடிட்டாங்க. நான் ஒத்தையா என்ன பண்ணுவேன், யாராச்சும் வாங்களேன்!" எல்லோரும் கேட்டோம். கேட்டுவிட்டு இந்தக் கூட்டத்தைத் தொடங்கினோம். ஒரு மணி நேரமாகப் புகழ்ந்துகொண்டிருக்கிறோம்.

"கல்லெறிஞ்சவன்தானே, கெடக்கட்டும்" என்று அங்கே யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. உங்கள்மேல் எனக்குக் கோபமில்லை. காலையில் எனக்கும் அதுதான் தோன்றியது. பயத்துக்கு ஒரு நியாயம் கிடைத்துவிட்டதே என்று ஆறுதலாகக்கூட இருந்தது.

மறைந்தவரின் பணியைத் தொடர்வோம் என்று உறுதி சொல்லி முடிக்க வேண்டிய இடம் இது. வாழ்நாளெல்லாம் தொடர்வேன் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. நாளைக்கு என்றுகூடச் சொல்ல மாட்டேன். இன்று ஒரு நாள், ஒரே ஓர் ஆளுக்காகப் போகிறேன். என் உறுதி அவ்வளவுதான்.

தூக்குக் கட்டில் ஆலயச் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. சோப்பும் குளோரின் வாளியும் பக்கத்திலேயே இருக்கின்றன. நான் போய் அதன் முன்முனையைத் தூக்கிக்கொண்டு நிற்பேன். பின்முனை தரையில் கிடக்கும். நான் திரும்பிப் பார்க்க மாட்டேன். யாரும் எழவில்லை என்று கண்ணால் கண்டுவிட்டால் அங்கேயே உட்கார்ந்துவிடுவேன், அவ்வளவு பயமாக இருக்கிறது எனக்கு. அதனால் லாஃபோர்டின் வீடு இருக்கும் ஓடைப்பக்கம் பார்த்தபடியே நிற்கிறேன். பின்முனை தரையைவிட்டு எழுந்ததும் நடக்கத் தொடங்குவேன்.