ஒரே ஒரு கதவு மட்டும் இன்னும் திறந்திருக்கிறது, மேடம்

எங்கள் மருத்துவமனையின் வலையமைப்புப் பாதுகாப்பு அலுவலராக வீற்றிருந்து, இன்று மாலை ஐந்து மணியோடு பணி நிறைவு பெறும் பெருமாட்டியே! கண்ணுக்குத் தெரியாத கள்வர்க்குக் கண்ணுறங்கா எதிரியே! கணினிக்கும் காய்ச்சல் வரும் என்று கண்டு, வருமுன் கதவடைத்த காவல் அரசியே! ‘கதவடைப்பு மேடம்’ என்று மேல்மாடியில் கிண்டலாகவும் கீழ்த்தளத்தில் கர்வமாகவும் அழைக்கப்பட்ட எங்கள் தலைவியே! வணக்கம்.

இங்கே வாசிப்பதற்கென்று நிர்வாகம் ஒரு மடலைத் தட்டச்சுச் செய்தே அனுப்பியிருந்தது. ‘எவ்விதச் சலசலப்புமின்றி அமைதியாகப் பணியாற்றியவர்’ என்று தங்களைப் பற்றி அதில் ஒரு வரி. படித்ததும் எங்களுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தாங்களா அமைதியாக இருந்தீர்கள்? தங்களை அமைதியாக இருக்க விட்டவர் யார்? ஆகவே அந்த மடலை மடித்து வைத்துவிட்டு எங்கள் மடலை வாசிக்கிறோம். மேடையில் அமர்ந்திருக்கும் பெரியவர்கள் பொறுத்தருள்க. பொறுக்க முடியாவிட்டாலும் அமர்ந்தே இருங்கள்.

உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் யாரோ ஒருவர் ஒரு மென்பொருளில் ஓட்டையைக் கண்டுபிடிக்கிறார். செய்தி வெளியாகும் அதே நொடியில் அது நமக்கும் தெரிகிறது, திருடனுக்கும் தெரிகிறது. அவன் நுழைவதற்குள் நாம் அடைக்க வேண்டும். அந்தப் பந்தயத்தில் தாங்கள் ஓடிய ஓட்டத்தை உடன் ஓடி மூச்சிரைத்த நாங்கள் அறிவோம். ஓட்டையை அடைக்கும் திருத்தம் வந்ததும் ஒரு பொத்தானை அழுத்திவிட்டு நாற்காலியில் சாய்ந்தவரில்லை தாங்கள். வார்டு வார்டாக நடந்து, ஒவ்வொரு கணினியாகப் பார்த்து, திருத்தம் ஏறியதன் நெற்றியில் ஒரு பச்சை ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு வந்தீர்கள். “நம்ம கணக்குல இல்லாத மெஷின் ஒண்ணு எங்கேயாவது இருக்கும். திருடன் கண்ணுல அதுதான் முதல்ல படும்” என்பீர்கள். எக்ஸ்ரே அறைக்குப் பின்னால், துடைப்பமும் வாளியும் வைக்கும் இடுக்கில், இரத்தப் பரிசோதனை முடிவுகளை எல்லா வார்டுக்கும் அனுப்பிக்கொண்டிருந்த கிழட்டுக் கணினியைக் கண்டுபிடித்தவரும் தாங்கள்தானே! அதன் தலைமேல் ஈரத்துணி காய்ந்துகொண்டிருந்தது.

புதுக் கட்டடத் திறப்பு விழாவை மறப்போமா? அன்று காலை, வெளியூர் மருத்துவர்கள் நம் நோயாளிகளின் கோப்புகளைப் பார்க்கும் மென்பொருளில் ஓட்டை என்று செய்தி வந்தது. வெளி இணைப்பை உடனே நிறுத்த வேண்டும் என்று தாங்கள் மாடியேறிப் போய்க் கேட்டீர்கள். விழா நேரலையும் அதே இணைப்பில்தான் போக வேண்டும்.

“அரை நாள் பொறுத்துக்கங்க மேடம், அதுக்குள்ள என்ன குடியா முழுகிடப் போகுது?” என்றார் இயக்குநர்.

“முழுகினா அவசரப் பிரிவுதான் சார் முதல்ல முழுகும்” என்று சொல்லிவிட்டு இறங்கி வந்து, தங்கள் கையாலேயே இணைப்பைப் பிடுங்கினீர்கள். நேரலை நின்றது. இயக்குநர் ரிப்பன் வெட்டியதை வெளியுலகம் பார்க்கவில்லை. அதைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை.

ஒன்றும் நடக்கவில்லை என்பதுதான், அவையோரே, இந்த அம்மையார் செய்த குற்றம்! “ஒண்ணுமே நடக்கலையே, அப்புறம் எதுக்கு நிறுத்துனீங்க?” என்று விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது. அதே வாரம், அதே ஓட்டை வழியாக, ஆற்றுக்கு அக்கரையில் உள்ள மருத்துவமனைக்குள் கள்வர்கள் புகுந்து கோப்புகளையெல்லாம் பூட்டிப் போட்டார்கள். எந்த நோயாளிக்கு எந்த மருந்து என்று தெரியாமல் அங்கே திண்டாட, ஆம்புலன்ஸ்கள் நம் வாசலில் வந்து வரிசை கட்டின. அப்போதாவது உறைத்ததா? திருத்தம் இல்லாத ஓட்டை தெரியவந்தால் யாரையும் கேட்காமல் எந்த வழியையும் அடைக்கலாம் என்று தங்களுக்கு அவசர அவசரமாக அதிகாரம் கொடுத்தார்கள். குறிப்பாணையை மட்டும் திரும்பப் பெறவில்லை. அதைக் காட்டியே தங்களுக்கு வர வேண்டிய பதவி உயர்வை இன்னொருவருக்குத் தூக்கிக் கொடுத்தார்கள். வயிறு எரிகிறது, மேடம். தீயை அணைத்தவரைத் தரை நனைந்ததற்காகத் தண்டிப்பது எந்த ஊர் நியாயம்?

இந்த இடத்தில் தங்கள் பொறுமையைப் புகழ்ந்து ஒரு பத்தி வர வேண்டும் என்று எங்களில் மூத்தவரான சர்வர் அறைக்காரர் சொன்னார். எழுதிப் பார்த்தோம், வரவில்லை. தங்கள் பொறுமைதான் இன்று எங்களுக்கு ஆத்திரமூட்டுகிறது.

ஏனென்றால் ஒரு கதவு இன்னும் திறந்திருக்கிறது. வீட்டிலிருந்து நம் வலையமைப்புக்குள் வர, நம் எல்லோருக்கும் கடவுச்சொல்லும் வேண்டும், கைப்பேசிக்கு வரும் எண்ணும் வேண்டும். இயக்குநருக்கு அது தொல்லையாம். அவருக்கென்று ஒரு பழைய மென்பொருளில் தனிவழி. அந்த மென்பொருளில் ஓட்டை என்று சென்ற வாரம் உலகமெங்கும் செய்தி பரவிவிட்டது. இனித் திருத்தம் கிடையாது என்று அதைச் செய்த நிறுவனமே கைவிரித்துவிட்டது. அந்த வழி போய்ச் சேரும் இடமோ தீவிர சிகிச்சைப் பிரிவின் கருவிகள்! இதையெல்லாம் மேடையில் சொல்லலாமா என்று யாரும் பதற வேண்டாம். திருடர்கள் அனைவருக்கும் தெரிந்த செய்திதான் இது. தெரியாதது போல் இருப்பவர் ஒருவரே. தாங்கள் கேட்டபோது அவர் சொன்ன பதில் எங்கள் காதில் இன்னும் இருக்கிறது: “ரிட்டயர் ஆகப் போற நேரத்துல உங்களுக்கு எதுக்கு மேடம் வம்பு? அடுத்து வர்றவர் பார்த்துப்பார்.” அடுத்து வருபவர் யார் என்று இன்னும் முடிவே ஆகவில்லை.

அதிகாரம் கையில் இருந்தும் தாங்கள் ஏன் அடைக்கவில்லை என்று நேற்றுக் கேட்டோம். “நான் அடைச்சுட்டு வீட்டுக்குப் போயிடுவேன். திங்கக்கிழமை அவரோட கோபம் உங்க தலையிலதான் விடியும்” என்றீர்கள். அம்மையீர், வாழ்நாளெல்லாம் யாருக்கும் விலக்குக் கொடுக்காத தாங்கள், எங்களுக்காகப் பயந்து அந்த ஒரு கதவுக்கு மட்டும் ஏன் விலக்குக் கொடுத்தீர்கள்? எங்களுக்கு அது வேண்டாம்!

அந்த அதிகாரம் இன்று மாலை வரை தங்களிடம் இருக்கிறது. எங்களில் எவரிடமும் இல்லை. இந்த மேசையில் பூங்கொத்துக்குப் பக்கத்தில் தங்கள் மடிக்கணினியைத் திறந்தே வைத்திருக்கிறோம். அடைத்துவிட்டுப் போங்கள். கேட்பவர் எவராயினும் எங்களைக் கேட்கட்டும். அதற்காகத்தான் ‘பணியாளர்கள்’ என்று பொத்தாம்பொதுவாகப் போடாமல், கீழே ஆளுக்கொரு கையெழுத்து இட்டிருக்கிறோம்.

பாதிச் சாப்பாட்டில் எழுப்பும் அழைப்புகள் இனித் தங்களுக்கு வராதிருக்கட்டும்! தங்கள் கணவர் சமைத்து வைப்பதை இனியேனும் சூடாக உண்க! கண்ணும் காலும் நலம் குன்றாது, நினைத்த இடமெல்லாம் நடந்து, நெடுங்காலம் நிறைவாக வாழ்க!

தங்களிடம் திட்டு வாங்கியே தொழில் கற்ற,
கணினிப் பிரிவினர் அனைவரும்
(கையெழுத்துகள்)

மடலைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டும்போது அடியில் சேர்த்தது:

அம்மையார் இதை முழுவதும் தலைகுனிந்தபடி கேட்டார். முடிந்ததும் மடலை வாங்கி, எங்கள் கையெழுத்துகளுக்கு மேலே இருந்த இடத்தில் ‘அடைத்தது நான், என் அதிகாரத்தில்’ என்று எழுதித் தம் கையெழுத்தை இட்டார். பிறகுதான் மடிக்கணினியின் முன் உட்கார்ந்தார். சற்று நேரத்தில் இயக்குநரின் கைப்பேசி சிணுங்கியது. தனிவழி அடைபட்ட செய்தியை அதில் பார்த்தவர் முகம் சிவந்து, “என்னம்மா இது?” என்றார்.

“இனிமே உங்ககிட்டயும் நம்பர் கேக்கும் சார். எல்லார்கிட்டயும் கேக்குறதுதான்” என்றார் அம்மையார். அந்தக் கைப்பேசியை மெதுவாக வாங்கி, அதன் முதுகில் ஒரு பச்சை ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டு, பூங்கொத்தை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.