கறுத்த படங்கள்

இந்த விசாரணை அறை நல்ல சூடாக இருக்கிறது. லாசாலில் எங்கள் வீட்டு ஹீற்றர் ஒக்டோபரிலேயே படுத்துவிட்டது. மனைவி சிசிலி வீட்டுக்குள்ளும் கோட்டைக் கழற்றுவதில்லை. மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்ததற்கும் நன்றி. என் பிரெஞ்சு வேலைக்குப் போதும், இதற்குப் போதாது.

பெயர் பத்திநாதர். மன்னாரில் பத்தொன்பது வருடம் எக்ஸ்றே எடுத்தவன். இங்கே கனடாவில், புவாண்ட்-கிளேரில் ஒரு சிறிய ஆய்வுகூடத்தில் 2005இல் சேர்ந்தேன். வேலை இதுதான்: 1957இல் அமெரிக்கர்கள் நெவாடா பாலைவனத்தில் அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்தபோது, கனடாச் சிப்பாய்கள் சிலரையும் பதுங்குகுழிகளில் இருத்தியிருந்தார்கள். ஒவ்வொருவர் நெஞ்சிலும் தீப்பெட்டி அளவில், எக்ஸ்றே பிலிம் போல ஒரு படத்துண்டு குத்தியிருந்தது. கதிர் பட்டால் அது கறுக்கும். இத்தனை வருடம் பெட்டிகளில் கிடந்த அந்தப் படங்களின் கறுப்பை மறுபடி அளந்து பெயருக்கு நேரே எழுத வேண்டும்.

ஊரில் ஒரு படம் முழுக்கக் கறுத்து வந்தால், யாரோ இருட்டறைக் கதவைத் திறந்துவிட்டான் என்று அர்த்தம். திட்டிவிட்டு எறிவோம். இங்கும் கை அப்படியே போனது. மூன்று கிழமையில் அறுபத்தொரு கறுத்த படங்களைப் 'பழுது' என்று எழுதி, அரைக்கும் இயந்திரத்தில் போட்டேன்.

கூட வேலை செய்த அருமைராசாதான் முதலில் கண்டவன். மரியாதையான பெடியன், சத்தம் போடவில்லை.

"அண்ணை, இதுகள் பழுதான படமில்லை. குண்டுக்குக் கிட்ட நிண்ட ஆக்களின்ர. படம் கூடக் கறுத்தவனுக்குத்தான் கூடக் கதிர் அடிச்சிருக்கு."

நான் மேலிடத்தில் பிறகு சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஐம்பத்தாறு வயதில், இருபது வயதுப் பிள்ளை செய்யாத பிழை. கொஞ்ச நாளில் அவனும் புரோசார்ட் பக்கம் வேறு வேலைக்குப் போய்விட்டான்.

அதன்பிறகு வந்த கறுத்த படங்களை வைத்திருந்தால், அதே குழியில் நின்ற மற்றவர்களின் படங்கள் எங்கே என்று கேட்பார்கள். ஆகவே அவற்றையும் போட்டேன். அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது. மொத்தம் இருநூற்றுப் பதினான்கு. எல்லாப் பெட்டிகளும் முடிந்தபிறகு, மிஞ்சிய வெளிறிய படங்களை வைத்துக் கணக்குப் பார்த்தார்கள். அளவுக்கு மேல் கதிர் பட்டவர் ஒருவரும் இல்லை என்று அறிக்கை வந்தது. திருத்தமான அறிக்கை. எழுத்துப்பிழைகூட இல்லை.

பெனுவாவைப் பற்றிக் கேட்டீர்கள். எங்கள் கீழ் வீட்டுக்காரர். நாங்கள் வந்த முதல் பனிக்காலத்தில் எங்கள் படிகளின் பனியையும் சேர்த்து வழித்துவிட்டவர். அவரும் 1957இல் சிப்பாயாக அந்தக் குழியில் இருந்தவர். கண்ணை இறுக்கி மூடிக் கைகளால் பொத்தியிருந்தும் தன் விரல் எலும்புகள் தெரிந்தன என்று சொல்வார். எக்ஸ்றேக்காரனுக்குச் சொல்ல ஏற்ற கதை என்று இருவரும் சிரித்தோம். பிறகு அவருக்கு இரத்தப் புற்றுநோய் வந்தது. குண்டால் வந்த நோய் என்று நிறுவ அவருக்கு அந்தப் படத்துண்டு வேண்டும். நிறுவினால்தான் அவர் போன பிறகு மனைவிக்குப் பென்சன். அந்த மனுசி நடக்கமாட்டாதவர். பெனுவா என்னிடம்தான் கேட்டார். தேடுகிறேன் என்றேன்.

2007 மார்ச்சில் ஒரு பெட்டியில் கிடைத்தது. பெயர், இலக்கம் எல்லாம் சரி. தார்போலக் கறுப்பு. அன்று அதை இயந்திரத்தில் போடவில்லை, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஏன் என்று எனக்கே தெரியாது. மனதில் ஒன்றுமே இருக்கவில்லை.

சிசிலி கதவடியில் நின்று கேட்டாள்.

"அந்த மனுசன்ர படம் கிடைச்சுதே? கோயில்ல ஒவ்வொரு ஞாயிறும் நேர்ந்துகொண்டு வாறன்."

இல்லை என்றேன். அவள் வைத்த சூப்பை எடுத்துக்கொண்டு கீழே போனேன். பெனுவாவால் கரண்டி பிடிக்க முடியவில்லை, நான்தான் பருக்கினேன். அவர் இன்னும் எத்தனை பெட்டிகள் மிச்சம் என்று கேட்டார். ஒன்றுமில்லை, எல்லாம் பார்த்துவிட்டேன் என்றேன். அப்போ நான் சும்மா ஒரு வருத்தக்காரன்தான், குண்டு தொட்டவனில்லை என்றார். நான் அவர் வாயைத் துடைத்துவிட்டேன். இவ்வளவு நேரமும் படம் என் பையில், அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

மேலே வந்து கத்தரிக்கோலால் எட்டாக வெட்டிக் குப்பையில் போட்டேன். அவர் ஏப்ரலில் செத்தார். மனைவியை மகன் எங்கோ ஒரு விடுதியில் விட்டதாகக் கேள்வி.

இருநூற்றுப் பதினான்கும் நான் செய்தது. அவருடையது இருநூற்றுப் பதினைந்தாவது. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்து வைக்கிறேன். ஆனால் அன்றிரவு அவரிடம் படத்தைப் பற்றி நான் வாய் திறக்காததை இதில் சேர்க்காதீர்கள். அவ்வளவு கறுப்பைக் காட்டி ஒரு நோயாளியைப் பயப்படுத்த எனக்கு மனம் வரவில்லை.